நண்டுத்திட்டுக்குக் கிழக்கே

சட்டிமலையின் உச்சி மேடையில் நின்று பார்த்தால் உப்பங்கழியில் ஒன்பது திட்டுகள் தெரியும். சௌகத் அலி எட்டின் பெயரைத்தான் சொல்வார்.

"வடக்கால ஒத்தப் பனை நிக்குது பாருங்க, அது பனைத்திட்டு. ஒட்டிக்கினு கீதே ரெண்டு, அது அக்கா தங்கச்சி. வெள்ளையா தெரியறது கொக்குத்திட்டு. இங்கேருந்து பாத்தா மண்ணு மாதிரி கீது, கிட்டப் போனா அத்தினியும் பறவ எச்சம்."

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவருடைய விரல் தெற்கே நகரும். கழியின் நடுவில், கடல் வாய்க்கு நேராக, தாழம்புதர் மண்டிய ஒரு திட்டு கிடக்கிறது. விரல் அதைத் தாண்டிப் போய் உப்புத்திட்டில் நிற்கும். யாராவது விடாமல், "நடுவுல ஒண்ணு இருக்கே, அது என்னங்க?" என்று கேட்டால், "அது சும்மா மண்ணு சார்" என்று சொல்லிவிட்டு பைனாகுலரின் கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

புதுப்பட்டினத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது சட்டிமலை. சட்டியைக் கவிழ்த்து வைத்தது போன்ற மொட்டைக் குன்று. இருநூற்றுப் பன்னிரண்டு படி. கீழே ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று என்று கம்பி வேலி போட்ட மூன்று பார்வை மேடைகள். மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்களில் கொஞ்சம் பேர் இங்கேயும் வந்து, கடலையும் கழியையும் திட்டுகளையும் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். டிக்கெட் கிழிப்பது, மேடை பெருக்குவது, பைனாகுலரைக் காட்டி ஊர் விவரம் சொல்வது எல்லாம் சௌகத் அலியின் வேலை. மேடைகளின் குத்தகைக்காரர் அவரை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், அந்தக் கழியை அவரளவுக்கு அறிந்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை என்பதுதான். அந்த வேலையைத் தவிர வேறெதுவும் அவருக்குக் கிடைக்காததற்கும் அந்தக் கழிதான் காரணம்.

சௌகத் அலியின் அத்தாவுக்கு புதுப்பட்டினம் மார்க்கெட்டில் துணிக்கடை. மகனுக்குத் துணி மடிக்கத் தெரியவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டால் கழிக்கரைக்கு ஓடிவிடுவான். பதினெட்டு வயதுக்குள் போட் எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டான். இருபதில் தானே ஓட்டினான். கழியில் உல்லாசப் படகு விட ஒரு முதலாளி வந்தபோது முதல் டிரைவர் அவர்தான். பதினாறு வருஷம் ஓட்டினார். திட்டுக்குத் திட்டு தண்ணீரின் ஆழம் அவருக்கு மனப்பாடம். ராபியாவை நிக்காஹ் செய்து, ரிஃபானா பிறந்து, அவள் பத்தாவது படிக்கும்போது ஷார்ஜாவில் துறைமுக இழுவைப்படகில் வேலை வந்தது. விசா கைக்கு வந்துவிட்டது. இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் வருஷம் பிப்ரவரியில் புறப்பட வேண்டும்.

அதற்கு முந்தின மாதம், காணும் பொங்கலன்று, அது நடந்தது.

அன்றைக்குக் கழிக்கரையில் கால் வைக்க இடமில்லை. காலையிலேயே மீனவர் குப்பத்து ஸ்டான்லி, வலையை உதறிக்கொண்டே அவரிடம் சொன்னான். "அண்ணாத்த, நண்டுத்திட்டுக்குக் கெழக்கால மண்ணு ஏறிக்கினு கீது. நேத்து என் போட்டே தட்டிச்சு. சுத்திக்கினு போ."

"சரி மச்சான்" என்றார் சௌகத் அலி. காதில் விழத்தான் செய்தது.

சுற்றிப் போனால் பன்னிரண்டு நிமிஷம். கிழக்கு வழியாகக் குறுக்கே போனால் ஏழு. முதல் இரண்டு நடை சுற்றித்தான் போனார். வரிசை வளர்ந்துகொண்டே போனது. முதலாளி கரையில் நின்று, "என்னய்யா ஊர்வலமா போறே, சீக்கிரம் திருப்பு" என்று கத்தினார். பத்துப் பேர் உட்காரும் போட்டில் பதினான்கு பேரை ஏற்றிவிட்டார். மூன்றாவது நடையில் சௌகத் அலி சுக்கானைக் கிழக்கே திருப்பினார். நேற்று ஸ்டான்லியின் போட் தட்டியது தண்ணீர் வடிந்த நேரமாக இருக்கும், இப்போது தண்ணீர் ஏறுகிறது, தாண்டிவிடலாம் என்று நினைத்தார்.

நண்டுத்திட்டை நெருங்கும்போது, முன் பக்கம் உட்கார்ந்திருந்த புதுத் தம்பதி எழுந்து நின்றார்கள். அந்தப் பெண் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். பட்டுப் புடவை போட்டோவில் தெரிய வேண்டுமாம். "உக்காருங்க சார்! உக்காருங்க!" என்று கத்தினார். அந்தப் பையன் "ஒரு நிமிஷம்ணா" என்று கையைக் காட்டினான். அவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர் அந்தப் பக்கம் எழுந்தார்கள். அதே நொடியில் எஞ்சின் மண்ணைக் கடித்தது. போட் நின்றது. பின்னாலிருந்து வந்த தண்ணீர் அதைப் பக்கவாட்டில் புரட்டிப் போட்டது.

கவிழ்த்த மண்தான் பதின்மூன்று பேரைத் தாங்கியது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அலறினார்கள். பதினான்காவதாக இருந்த அந்தப் பெண் மட்டும் மண்ணுக்கு அந்தப் பக்கம், ஆழமான ஓட்டத்தில் விழுந்தாள். கழி கடலுக்குள் வடிகிற இடம் அது. சௌகத் அலி எட்டு முறை மூழ்கித் தேடினார். ஒவ்வொரு முறையும் கையில் புல்தான் வந்தது. ஸ்டான்லியின் ஆட்கள் முக்கால் மணி கழித்து முகத்துவாரத்தில் வலை போட்டு எடுத்தார்கள். அச்சரப்பாக்கத்துப் பெண். பெயர் சஹானா. கல்யாணமாகி ஏழு வாரம்.

கணவன் ஜெயகிருஷ்ணன் மணலில் உட்கார்ந்து, அவள் கால் விரல்களில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அந்த முகத்துக்கு எதிரே சௌகத் அலி இரண்டு மணி நேரம் நின்றார்.

வழக்கு வந்தது. அஜாக்கிரதையால் மரணம். கணவன் போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தில், டிரைவர் தாறுமாறான வேகத்தில் ஓட்டினார் என்று இருந்தது. போட் சௌகத் அலிக்குக் குத்தகைக்கு விடப்பட்டது என்று முதலாளி ஒரு காகிதத்தைக் காட்டினார். லைசென்ஸ் புதுப்பிக்க என்று சொல்லி முன்னொரு நாள் வாங்கின கையெழுத்து அதில் இருந்தது. சௌகத் அலி முதல் எதிரி ஆனார், முதலாளி இரண்டாம் எதிரி. ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும், அனுமதி இல்லாமல் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது.

விசா காலாவதியானது.

அதற்குப் பிறகு வாய்தாக்கள். செங்கல்பட்டு கோர்ட்டு வாசல் வேப்பமரத்தின் ஒவ்வொரு கிளையும் அவருக்குப் பழக்கமாகிவிட்டது. மற்ற சாட்சிகள் வந்தார்கள், போனார்கள். முக்கியமான சாட்சியான ஜெயகிருஷ்ணன் மட்டும் வரவில்லை. சம்மன் போகும், அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பும். வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கேயோ போய்விட்டானாம். வக்கீல் வரதன் நல்ல மனிதர். ஒவ்வொரு முறையும் கோட்டைக் கழற்றி மடித்தபடி, "அடுத்த தடவை பாக்கலாம் பாய்" என்பார்.

அத்தா மவுத்தானார். முதலாளி கொரோனாவில் செத்தார். ரிஃபானாவுக்கு நிக்காஹ் ஆனது. மாப்பிள்ளைக்கு வேலை, வேறெங்கே, ஷார்ஜாவில். அவளை வழியனுப்ப சென்னை ஏர்போர்ட்டுக்குப் போகக்கூட மனு போட வேண்டியிருந்தது. உத்தரவு வந்து சேர்ந்தபோது அவள் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. பேரன் பிறந்தான், நடந்தான், பேசினான், எல்லாம் போன் திரையில். "நீயாவது போய்ட்டு வா" என்று ராபியாவிடம் சொன்னால், "உன்ன இங்க தனியா வுட்டுட்டா? சாப்டுவியா நீ?" என்று கேட்பாள். அவருடைய பூட்டில் அவளும் சேர்ந்து அகப்பட்டிருந்தாள்.

போட் ஓட்ட லைசென்ஸ் இல்லை. எஞ்சின் பழுது பார்க்கக் கூப்பிடக்கூட ஆட்கள் தயங்கினார்கள். அப்போதுதான் சட்டிமலையில் மேடை கட்டி, விவரம் சொல்ல ஆள் தேடினார்கள். இரண்டாயிரத்துப் பதினாறில் முதல் நாள் உச்சிக்கு ஏறியதை அவர் மறக்கமாட்டார்.

அதற்கு முன் அவர் அந்தக் கழியை மேலிருந்து பார்த்ததே கிடையாது. போட்டில் உட்கார்ந்தால் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே நிறம்தான். மலைமேல், வெயில் மேற்கே சாய்ந்த நேரத்தில், கழி தன் அடிவயிற்றைத் திறந்து காட்டியது. ஆழமான இடமெல்லாம் கரும்பச்சை. மண் ஏறிய இடமெல்லாம் வெளிர்மஞ்சள். நண்டுத்திட்டுக்குக் கிழக்கே வளைந்த அரிவாள் போல ஒரு மணல்மேடு, அதை ஒட்டி மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போகிற கரும்பச்சை வழி. சின்னப் பிள்ளைகூட விரல் வைத்துக் காட்டிவிடும், இப்படிப் போ என்று. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளும் ஏறினார். வேறு வழி இல்லை. அதற்கப்புறம் ஏழு வருஷம், வெள்ளிக்கிழமை மதியம் தவிர, தினமும் ஏறினார். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மணல் இடம் மாறும். இன்று எங்கே மண், எங்கே வழி என்று மாலை நான்கு மணிக்கு அவர் கண் தானாகத் தேடிவிடும். சுற்றி நிற்பவர்கள் "சூப்பர்ல" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த அழகுக்கு நடுவில், தான் திருப்பியிருக்க வேண்டிய சுக்கானை அவர் மனசுக்குள் திருப்பிக்கொண்டிருப்பார்.

ஸ்டான்லி காலையில் சொன்ன வார்த்தையை யாரும் கேட்கவில்லை. போலீஸ் கேட்கவில்லை, வக்கீல் கேட்கவில்லை. ஸ்டான்லியும் அதைப் பற்றிப் பேசியதில்லை. சௌகத் அலி ராபியாவிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று டிசம்பர் கடைசி வாரம். நாலு நாள் மழை விட்டு வெயில் அடித்தது. கீழ் வாசலில் டிக்கெட் கேட்டு ஒரு கை நீண்டது. நிமிர்ந்தார். தலை முன்னால் வழுக்கை விழுந்திருந்தது, உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. ஆனாலும் அந்த முகத்தை மறக்க முடியுமா? ஜெயகிருஷ்ணன். கூட ஒரு பெண், ஆறேழு வயதில் ஒரு சிறுமி.

"ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை" என்றான்.

சௌகத் அலி தலையைக் குனிந்துகொண்டே மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். தாடி நரைத்து, தொப்பி போட்டு, பத்து கிலோ இளைத்திருந்த தன்னை அவனுக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்தார். உச்சிக்குப் போகாமல் கீழேயே நின்றுவிடலாமா என்று பார்த்தார். மேலே பைனாகுலர் பெட்டியின் சாவி அவரிடம் இருந்தது. ஏறினார். ஒவ்வொரு படியிலும், வரதன் வக்கீலுக்கு இப்போதே போன் செய், ஆள் இங்கே இருக்கிறான் என்று சொல், என்றது மனசு. போனைக் கையில் எடுத்தார். மறுபடியும் பையில் போட்டார்.

நடு மேடையில் சிறுமி கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். "விஷாகா, நீ பாப்பாவோட இரு, நான் பாத்துட்டு வந்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஜெயகிருஷ்ணன் தனியாக மேலே வந்தான். உச்சியில் வேறு யாரும் இல்லை.

சௌகத் அலி வழக்கம்போல ஆரம்பித்தார். பனைத்திட்டு, அக்கா தங்கச்சி, கொக்குத்திட்டு. விரல் தெற்கே நகர்ந்தது.

"அந்த நடுவுல இருக்கறது?"

"நண்டுத்திட்டு" என்றார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் மேடையில் ஒலித்தது.

ஜெயகிருஷ்ணன் பைனாகுலரில் குனிந்தான். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "கிழக்குப் பக்கம் வெள்ளையா ஒரு கோடு தெரியுதே."

"மண்ணு. தண்ணிக்கு அடியில கீது."

"எப்பவும் அங்கயேதான் இருக்குமா?"

"இல்ல சார். வருஷத்துக்கு வருஷம் மாறும்."

கண்ணை எடுக்காமலே அவன் கேட்டான். "நீங்க சௌகத் அலிதானே?"

காற்று கம்பி வேலியில் இரைந்தது. 

"டிக்கெட் கிழிச்சப்பவே தெரிஞ்சுது. கை. அன்னைக்கு இந்தக் கையத்தானே பாத்துக்கிட்டே இருந்தேன். மூழ்கி மூழ்கி எழுந்தீங்களே." அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "என் மேல கோவமா இருப்பீங்க."

"சார், நான்தான் உங்க..."

"நான் சொல்லிடறேன். சொல்லத்தான் வந்தேன். இல்ல, சொல்லணும்னு வரல, எடத்தப் பாக்கணும்னு வந்தேன். ஆனா உங்களப் பாத்துட்டேன்." மூச்சு வாங்கினான். "ஜாக்கெட்டக் கழட்டச் சொன்னதே நான்தான். அவ வேணாம்னா. போட்டோல நல்லாருக்காதுன்னு நான்தான் சொன்னேன். நீங்க உக்காருன்னு கத்தினீங்க. நான் கேட்டேன், என் காதுல விழுந்துச்சு. ஒரு நிமிஷம்ணான்னு சொன்னேன். நாங்க எழுந்து நின்னதாலதான் போட்டு சாஞ்சுது. அவங்க அப்பா அம்மா மூஞ்சியப் பாத்து இத எப்படிச் சொல்றது? அதான் நீங்க வேகமா ஓட்டினீங்கன்னு எழுதிக் குடுத்தேன். அப்புறம் சம்மன் வருதுன்னு தெரிஞ்சு ஊர் ஊரா மாறினேன். கூண்டுல ஏத்தினா வாய் தானா சொல்லிடும்னு பயம். இப்ப படூர்ல ஒரு காலேஜ் லேப்ல இருக்கேன். விஷாகாவுக்கு சஹானாவத் தெரியும், அவ எப்படிச் செத்தான்னு தெரியும். இது மட்டும் தெரியாது. பதினோரு வருஷமா நான்தான் அவளக் கொன்னேன்னு எனக்கு மட்டும் தெரியும்."

சௌகத் அலியின் நாக்கில் ஸ்டான்லியின் வார்த்தை வந்து நின்றது. எழுந்து நின்றதால் மட்டும் கவிழவில்லை சார், மண் இருந்தது, மண் இருக்கிறது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. பத்து வார்த்தைதான். சொல்லியிருந்தால் அவன் நெஞ்சில் இருக்கிற பாறை பாதியாக உடைந்திருக்கும். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. சொன்னால் இவன் கூண்டில் ஏறி யாருக்காகப் பேசுவான்? ராபியாவின் முகம் வந்தது. போன் திரையில் மூக்கை ஒட்டிவைத்துப் பேசும் பேரன் வந்தான்.

"மார்ச்சுல வாய்தா கீது சார்" என்றார் சௌகத் அலி. "வந்து இதையே சொல்றீங்களா?"

ஜெயகிருஷ்ணன் அழுதுகொண்டே தலையாட்டினான்.

சொன்னபடி வந்தான். அரசு வக்கீல் பழைய வாக்குமூலத்தைக் காட்டி, "டிரைவர் வேகமாக ஓட்டினார் என்று சொல்லியிருக்கிறீர்களே?" என்று கேட்டபோது, "பொய் சொன்னேன்" என்றான். "உட்காருங்கன்னு அவர் ரெண்டு தடவை கத்தினார். நான்தான் கேக்கல." கோர்ட்டில் சஹானாவின் அப்பா உட்கார்ந்திருந்தார். கிழவர் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்து போனார்.

ஆகஸ்டில் தீர்ப்பு. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை, எதிரி விடுதலை. வரதன் வக்கீல் இந்த முறை கோட்டைக் கழற்ற மறந்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தார். வழக்குக் கட்டிலிருந்து பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. அது செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வேப்பமரத்தடியில் காத்திருந்த ஜெயகிருஷ்ணன் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"என்னால உங்க வாழ்க்கையே போச்சு. மன்னிச்சிடுங்க பாய்."

அந்த வார்த்தைதான் சௌகத் அலியைத் தூங்கவிடாமல் செய்தது.

புது பாஸ்போர்ட் வந்தது. மாப்பிள்ளை இரண்டு பேருக்கும் விசா ஏற்பாடு செய்தார். ராபியா பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். பேரனுக்கு முறுக்கு, மருதாணிப் பொடி, ரிஃபானா கேட்ட கருவாடு. இவர் மலையிலிருந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

"கேஸ் முடிஞ்சும் மூஞ்சி இன்னா இப்பிடி கீது?" என்றாள் ஒரு நாள் மதியம்.

சொல்லிவிட்டார். ஸ்டான்லி சொன்னது, இரண்டு நடை சுற்றிப் போனது, மூன்றாவதில் திருப்பியது, மலைமேல் வாயை மூடிக்கொண்டது, எல்லாம். ராபியா கையிலிருந்த கருவாட்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். 

"அல்லாவுக்குத் தெரியும்" என்றாள். "அவன் கிட்டயே தவ்பா பண்ணிக்கோ, மன்னிப்பான். கோர்ட்டே வுட்ருச்சு. இனிமே அந்த ஆளுகிட்டப் போய்ச் சொல்லி இன்னா ஆவப் போவுது?"

"அவன், தான்தான் கொன்னோம்னு நெனச்சிக்கினு கீறான் ராபியா."

"பதினோரு வருஷம் நீ இந்த ஊருக்குள்ளயே கெடந்தே, நானும் கெடந்தேன். அத யாரு நெனச்சிக்கினு கீறாங்க?" பொட்டலத்தை எடுத்துப் பெட்டிக்குள் திணித்தாள். "எம் பேரன நான் இன்னும் தொட்டுப் பாக்கல."

அவர் பயணத்தைத் தள்ளிப் போட்டார். இந்த சீசன் முடியட்டும் என்றார். குத்தகைக்காரர் லீவு தரவில்லை என்றார். பிப்ரவரியில் ராபியா தனியாகவே விமானம் ஏறினாள். ஏர்போர்ட் வாசலில், உத்தரவு எதுவும் இல்லாமல் முதன்முதலாக நின்றபடி கையசைத்தார். அவள் திரும்பிப் பார்த்தாள், கோபத்தில் கையசைக்கவில்லை.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு, உச்சி மேடை காலியானதும், ஜெயகிருஷ்ணனுக்குப் போன் செய்தார்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன்" என்று ஆரம்பித்து, நிறுத்தாமல் சொல்லி முடித்தார். கீழே ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு படியேறும் சத்தம் கேட்டது. 

"தெரிஞ்சே போனீங்களா?" என்றான் அவன்.

"தாண்டிடலாம்னு நெனச்சேன் சார்."

"அன்னைக்கு மலையில நான் அழுதேனே. அப்பக்கூட..." லைன் அறுந்தது.

போலீஸ் வரும் என்று நினைத்தார். வரவில்லை. பத்து நாள் கழித்து, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜெயகிருஷ்ணன்தான். வணக்கமோ நலமோ இல்லை.

"அந்த ஸ்டான்லி எத்தனை மணிக்குச் சொன்னான்?"

"காலைல ஏழு, ஏழேகால் இருக்கும்."

வைத்துவிட்டான். நாலு நாள் கழித்து மறுபடியும். "மண்ணு இருந்த எடத்துல தண்ணி எத்தன அடி?" மூன்றடிக்கும் குறைவு. "நாங்க எழுந்து நிக்காம உக்காந்தே இருந்திருந்தா கவுந்திருக்குமா?"  சௌகத் அலியின் கையருகே பொய்யாக ஒரு பதில் இருந்தது. "தெரியல சார்" என்றார். "எஞ்சின் தட்டியிருக்கும், அது நிச்சயம். போட்டு பொரண்டிருக்குமான்னு தெரியல. சத்தியமா தெரியல."

போன் வந்துகொண்டே இருந்தது. ஒரு முறைக்கு ஒரு கேள்வி. சில நாள் திட்டினான். ஒரு நாள் விஷாகாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னான். ஒரு நாள், சஹானாவின் அப்பாவைப் பார்க்கப் போனதாகவும், அவர் கதவைத் திறக்கவில்லை என்றும் சொல்லிவிட்டு வைத்தான். சாப்பாட்டின் நடுவிலும் தொழுகைக்குக் கிளம்பும்போதும் வந்தது.  சௌகத் அலி ஒரு முறைகூட எடுக்காமல் விட்டதில்லை.

ஷார்ஜாவிலிருந்து ராபியா கேட்டாள். கோபம் தணிந்திருந்தது, பேரன் அவள் மடியில் இருந்தான். "அந்த நம்பர பிளாக் பண்ணிட்டு வந்து சேரேன். இன்னும் எத்தினி நாளுக்கு இந்தக் கேஸு?"

"இத யாரும் வாய்தா போட முடியாதே" என்றார். அவள் போனைப் பேரன் கையில் கொடுத்தாள்.

மழைக்காலம் முடிந்து, மார்கழி பிறந்த வாரத்தில் ஜெயகிருஷ்ணன் கூப்பிட்டான். இந்த முறை கேள்வி இல்லை.

"காணும் பொங்கல் அன்னைக்கு வேணாம், கூட்டமா இருக்கும். மறுநாள் வரேன். அந்த எடத்துக்கு என்னக் கூட்டிட்டுப் போகணும். நீங்கதான் ஓட்டணும்."

"சார், நான் போட்டுல கால வச்சு பதிமூணு வருஷம் ஆவுது. லைசென்ஸும் இல்ல."

"வேற யார் கூடவும் நான் போக மாட்டேன்."

வைத்துவிட்டான்.  சௌகத் அலி மலையிலிருந்து இறங்கி, பஸ்ஸுக்கு நிற்காமல், குப்பம் வரைக்கும் நடந்தே போனார். ஸ்டான்லி போட்டைக் கவிழ்த்துப் போட்டு அடியில் தார் பூசிக்கொண்டிருந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. சௌகத் அலி எதிரே மணலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

ஸ்டான்லி பூசுவதை நிறுத்தினான். "நானே ஓட்டறேனே அண்ணாத்த. நீ கூட ஒக்காந்துக்கோ."

"இல்ல. துடுப்பு குடு, எஞ்சின் வேணாம். மெதுவா தள்ளிக்கினு போறேன்."

"எத்தினி பேரு?"

"ரெண்டே பேரு" என்றார் சௌகத் அலி. "மூணு ஜாக்கெட்டு குடு."

"மூணு எதுக்கு?"

"தெரியல. பொண்டாட்டியக் கூட்டிக்கினு வந்தாலும் வருவாரு."

ஸ்டான்லி தார்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஜாக்கெட் எடுத்துவர வீட்டுக்குள் போனான்.